குக்கி அழிப்புக் குழு

அந்தரங்கம் என்ற ஒன்றை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கலாம். அதைக் கட்டிக் காத்தவர்கள் பலா முந்திரி மேம்பாட்டு வாரியத்தின் கடலூர் மாவட்ட அலுவலகத்தார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. 2010ஆம் ஆண்டு, முதுநகரில், ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவர்கள் இந்தச் சாதனையைச் செய்து முடித்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் அதிகம் உட்கார்ந்தவள் இளநிலை உதவியாளர் இலக்கியா. வயது இருபத்தொன்பது. அவளுடைய கல்யாணத்துக்கு 'நல்ல நேரம்' வரட்டும் என்று அவளுடைய அப்பா காத்திருந்தார். தம்பியின் படிப்பு முடிய வேண்டும், பண்ருட்டி வீட்டுக்கு மாடி எழும்ப வேண்டும், அதுவரை மகள் சம்பளம் ஒழுங்காக வீடு வந்து சேர வேண்டும். நல்ல நேரம் வருவதென்றால் சும்மாவா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த இலக்கியா, ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில், அதே கம்ப்யூட்டரில், திருமணத் தளம் ஒன்றில் தன் பெயரைத் தானே பதிந்துவிட்டாள். சிதம்பரத்திலிருந்து அன்பரசு என்ற பள்ளி ஆசிரியர் பதில் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. ஆளைப் பார்த்து, மனசுக்குப் பிடித்தால், தானே அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று இருந்தாள். அதுவரை ஒருவருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக எதிர் மேசை உதவியாளர் சபாபதிக்குத் தெரியவே கூடாது. அவர் அவளுக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன். அவர் காதில் விழுந்த செய்தி பேருந்துக்கு முன்னால் பண்ருட்டி போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படி இருக்கையில்தான் கண்காணிப்பாளர் ஞானசேகரன் சிதம்பரத்தில் 'இணையமும் அந்தரங்கமும்' என்ற ஒரு நாள் பயிற்சிக்குப் போனார். வடை பாயசத்தோடு சாப்பாடு. வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் வந்தபோதும் கழுத்தில் தொங்கிய பயிற்சி அட்டையை அவர் கழற்றவில்லை.

"நாம எந்த வெப்சைட்டுக்குப் போனாலும், அவன் நம்ம கம்ப்யூட்டர்ல குக்கின்னு ஒரு குட்டி ஃபைலை வச்சிட்டுப் போறான்யா. அடுத்த வாட்டி போனா, 'வாங்க, நீங்கதானே'ன்னு பேரச் சொல்லிக் கூப்புடறான். நம்ம ஆபீசுக்குள்ள, என் கையெழுத்து இல்லாம, எவன்யா ஃபைல் வக்கிறது?"

அலுவலகமே வெட்கித் தலைகுனிந்தது. இலக்கியாவுக்கு மட்டும் திருமணத் தளம் ஞாபகம் வந்தது.

"ஒரு பட்டன்தான் சார்," என்று எழுந்துவிட்டாள். "இப்பவே மொத்தமா அழிச்சிடறேன்."

"என்னம்மா வெளயாடறியா? ஃபைலை இஷ்டத்துக்கு அழிச்சா சஸ்பென்ஷன். அழிப்புக் குழு போடணும். ஒவ்வொண்ணா தொறந்து பாக்கணும். ஆட்சேபணை உண்டான்னு கேக்கணும். அப்புறம்தான் அழிக்கணும்."

இதுதான் அந்த அலுவலகத்தின் பெருமை. எலி தின்ற பழைய கோப்பைக்கூட, எலி எந்தப் பக்கத்தைத் தின்றது என்று குழு பார்வையிட்ட பிறகே கொளுத்துவார்கள். கம்ப்யூட்டருக்குத் துணி சுற்றி அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. குழுவுக்குத் தலைவர் ஞானசேகரன். உறுப்பினர்கள் சபாபதியும் தட்டச்சர் தைலம்மாளும். மௌஸ் பிடிக்க ஆள் வேண்டுமே என்று இலக்கியாவைத் 'தொழில்நுட்ப உறுப்பினர்' ஆக்கினார்கள். கூட்டம் அன்றைக்கே மூன்று மணிக்கு.

இலக்கியாவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அந்த வருஷம் கடலூரில் எந்த அரசு ஊழியரை விடவும் நேரம் தவறாமல் வேலை பார்த்தது மின்வெட்டுதான். தினமும் மூன்று மணிக்குக் கரண்ட் போகும். அன்று போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஜம்மென்று சுற்றியது.

முத்திரை உடைக்கப்பட்டது. முதல் குக்கி ரயில் டிக்கெட் தளத்துடையது. திறந்ததும், 'வருக, சபாபதி' என்று திருப்பதிப் பயணத்தைக் காட்டியது.

"காய்ச்சல்னு லீவு போட்ட நாளாச்சே," என்றார் ஞானசேகரன்.

"காய்ச்சல் போவணும்னு வேண்டிக்கத்தான் சார் போனேன்."

"சரி. ஆட்சேபணை இல்ல. அழி."

அடுத்தது ஜோசியத் தளம். மருமகள் ராசி மாமியாருக்கு ஆகுமா என்று தைலம்மாள் கேட்டிருந்தார். தளம் ஆகாது என்று சொல்லியிருந்தது. அதையும் அழித்தார்கள். மூன்றாவதாகத் திருமணத் தளம் வந்து நின்றது. இலக்கியா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சார், இது என்னுது. தொறக்க வேணாம். ஆட்சேபணை பண்றேன்."

"தொறந்து பாத்தாத்தானம்மா ஆட்சேபணை செல்லும்? உன் அந்தரங்கத்தக் காப்பாத்தத்தான் இத்தினி பேரும் ஒக்காந்திருக்கோம்."

சபாபதி கை நீட்டித் தானே அழுத்தினார். 'வருக, இலக்கியா! அன்பரசு உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.' ஞானசேகரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குழுவின் தகவலுக்காக உரக்கப் படித்தார்: "ஞாயிறு காலை பத்து மணி. கீழவீதி காபி கடை. நீலச் சட்டை போட்டிருப்பேன். கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

"எந்த ஊரு கீழவீதி?" என்றார் தைலம்மாள்.

"சிதம்பரந்தான்," என்ற சபாபதியின் காதில் அதற்குள் செல்போன் ஏறியிருந்தது. "மச்சான், ஒரு விஷயம். பதறாம கேளுங்க..."

இலக்கியாவுக்கு அழுகை வரவில்லை. மீதி அரக்கை உருக்கி ஒவ்வொருத்தர் வாயிலும் ஊற்ற வேண்டும் என்றுதான் ஆத்திரம் வந்தது.

திருமணத் தளத்தின் குக்கியையும் அழித்த பிறகு, கடைசியாக ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்ததும் ஞானசேகரன் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து திரையை மறைத்துக்கொண்டார்.

"நிறுத்தும்மா. சில ஃபைலைத் தொறக்காமலே அழிக்கலாம்."

"எந்த விதிப்படி சார்?"

"இரகசியக் கோப்பு விதி."

"அது மூணாவது குக்கிக்கு இல்லியா சார்?"

"விதி எப்பவும் இருக்கும்மா. வேணுங்கறப்பத்தான் ஞாபகம் வருது."

வழுக்கையில் முடி முளைக்கும் தைலம் விற்கிற தளம் அது. இலக்கியா ஒருத்திதான் பெயரைப் பார்த்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகச் சிதம்பரம் போகவில்லை. அப்பா, அம்மா, தம்பி, சபாபதி, சபாபதி மனைவி என்று ஒரு வேன் போயிற்று. 'குழு உறுப்பினர் என்ற முறையில்' தைலம்மாளும் வழியில் ஏறிக்கொண்டார். காபி கடை வாசலில் நீலச் சட்டை நின்றிருந்தது. வேன் நிற்பதற்குள் ஜன்னலில் தலையை நீட்டிச் சபாபதி விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி, என்னா சம்பளம்? சொந்த வூடா? நீங்க என்னா ஆளுங்க?"

முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் இறங்க முடியும். இலக்கியா இறங்கியபோது கடை வாசலில் பாதி குடித்த காபி டம்ளர் மட்டும் இருந்தது. தேரடி வரைக்கும் பார்த்தாள். எங்கும் நீலம் தெரியவில்லை.

"பாத்தியா," என்றார் அப்பா, திரும்பும் வழியில், நிம்மதியாக. "இன்னும் நல்ல நேரம் வரல."

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று: எங்கள் கணினியில் எந்த ஊழியரின் அந்தரங்கமும் இப்போது இல்லை. அதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. முன்மாதிரி அலுவலகம் என்று பாராட்டும் வந்தது.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அன்பரசுவுக்கு ஒரு வரி எழுதி மன்னிப்புக் கேட்கலாம் என்று இலக்கியா அந்தத் தளத்தைத் திறந்தாள். முதுநகரில் டீக்கடைக்காரர் வரைக்கும், பண்ருட்டியில் தெரு முழுவதும், சிதம்பரம் கீழவீதியில் பாதிப் பேருக்கும் அவள் கதை அத்துப்படி ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் 'நீங்கள் யார்?' என்று கேட்டது. சொல்ல விருப்பமிருந்தால் சொல்லலாம் என்று காத்திருந்தது. அந்த அலுவலகத்தில் அவளிடம் அப்படி மரியாதையாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.