கம்ப்யூட்டர் கடையில் ஒரு கிலோ வத்தல்

விலை கூடிய பொருளுக்குள் அறிவும் கூடுதலாக இருக்கும் என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைத் தீர்த்துவைத்தது ஒரு கம்ப்யூட்டர். அதற்காக அப்பா விட்டுக்கொடுத்தது ஒரு லோடு வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அருப்புக்கோட்டை பஜாரில் அப்பாவுக்கு வத்தல் மண்டி. நரிக்குடி, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று மிளகாய் விளைகிற ஊர்களுக்கெல்லாம் பஸ்ஸில் போய் வத்தல் பிடித்து, வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். முழங்கால் வலி அப்போதே ஆரம்பித்துவிட்டது. சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிவிட்டால் பஸ் படி ஏறி இறங்குகிற பாடு மிச்சம் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து மதுரையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு (ஒழுங்காகப் போனது பாதி நாள்தான்) நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

“பஜார்ல இருக்கற அத்தன கடைக் கணக்கும் நம்மகிட்ட வந்துரும்ப்பா. ஒரே வருசத்துல புது வேனே எடுத்துரலாம்” என்றேன்.

அப்பா முழங்காலைத் தடவியபடி யோசித்தார். “சங்கரலிங்கத்தக் கூட்டிட்டுப் போ. அவன் வெல பேசத் தெரிஞ்சவன்” என்றார்.

சங்கரலிங்கம் மாமா அம்மாவின் தம்பி. அதே பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. (எனக்குத் தெரியும் என்று அவரும், அவருக்கு வியாபாரம் தெரியும் என்று நானும் தைரியமாக இருந்தோம்.) பஸ்ஸில் போகும்போதே என்னைத் தயார்செய்தார்.

“மருமகனே, அங்க வந்து வீட்டுக்குன்னு மட்டும் வாயத் தொறந்துராத. எங் கடையில ஒருத்தன் வீட்டுக்குன்னு குடம் கேட்டா லேசானதத்தான் எடுத்துப் போடுவேன். ஓட்டலுக்குன்னு கேட்டாத்தான் கனமானது பரண்ல இருந்து எறங்கும். தொழிலுக்குன்னு சொல்லணும்.”

மதுரைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். “வீட்டுக்கா சார், தொழிலுக்கா?”

“தொழிலுக்கு” என்றார் மாமா.

“என்ன தொழில் சார்?”

மாமா என்னைப் பார்த்தார். வத்தல் மண்டி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கோர்ஸில் எப்போதோ காதில் விழுந்த ஒரு சொல் நாக்கில் வந்து நின்றது. “டிசைன்” என்றேன்.

உடனே எங்களை மாடிக்கு அழைத்துப் போனார்கள். ஏசி அறை. ஆளுக்கொரு கூல்டிரிங்க்ஸ். பாலங்களும் இயந்திரங்களும் வரைகிற பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் மெஷின் என்று ஒன்றைக் காட்டினார்கள். அதன் திரை எங்கள் வீட்டு டிவியைவிடப் பெரியது. விலை, கீழே இருந்த சின்னக் கம்ப்யூட்டரைப்போல மூன்று மடங்கு. மாமா திரையை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“கனம் நல்லா இருக்கு மருமகனே” என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

மாமா மதியம்வரை பேரம் பேசி ஒரு ஸ்டெபிலைசரை இனாமாக வாங்கினார். மெஷினை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மண்டி வாசலில் அப்பா வேனைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். “பாத்து எறக்குங்க” என்றார்.

மண்டியின் முன்பகுதியை ஒதுக்கி, போர்டு மாட்டி, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதன்பிறகுதான் கோர்ஸில் கொடுத்த கணக்கு ஃபிளாப்பியை மெஷினில் போட்டேன். அது அந்த ஃபிளாப்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மதுரைக் கடைக்குப் போன் போட்டேன்.

“சார், நீங்க டிசைன்னுதானே சொன்னீங்க? இதுல அந்தக் கணக்கெல்லாம் ஓடாது. கணக்குக்கு அந்த வீட்டு மெஷினே போதுமே” என்றார் கடைக்காரர்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. திறப்பு விழா அன்று முதல் ஆளாகப் பாலம் கட்டுகிற இஞ்சினியர் யாராவது வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் பக்கத்து மாவு மில் செல்லையா அண்ணாச்சி. அவர் மோட்டார் ஓடினால் இனாம் ஸ்டெபிலைசரையும் மீறிக் கரண்ட் இறங்கி எங்கள் திரை சுருங்கி அணைந்துவிடும் என்பதால், மில்லையே நிறுத்திவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சூடம் காட்டி முடித்ததும் எதிரே உட்கார்ந்து, புது ரூபாய் நோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

“தம்பி, நாந்தான் போணி. எம் மில்லுக் கணக்க இதுல ஏத்திக் குடுங்க. லோனு கேட்டிருக்கேன், பேங்க்ல காட்டணும்.”

“கணக்கு இருக்கட்டும் அண்ணாச்சி, மொதல்ல இதப் பாருங்க” என்று மெஷினோடு வந்த மாதிரிப் படத்தைத் திறந்தேன். வளைந்த குழாய் ஒன்று திரையில் தோன்றி மெதுவாகச் சுற்றியது.

“என்ன தம்பி இது?”

“கொழா அண்ணாச்சி.”

“எங்க போகுது?”

“எங்கயும் போகாது. சும்மா சுத்தும்.”

அவர் மரியாதையுள்ளவர். குழாய் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, இதையாச்சும் ஒரு தாள்ல அடிச்சுக் குடுங்க, கொண்டு போறேன்” என்றார்.

தாளில் அடிக்க பிரிண்டர் வேண்டும். இந்த மெஷினுக்கு ஏற்ற பிரிண்டரின் விலை இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரின் விலை. நாங்கள் வாங்கவில்லை.

எங்கள் பஜாரில் போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் கிடையாது. கடன் சொல்லலாம், கலப்படம் செய்யலாம், மன்னித்துவிடுவார்கள். போணியைத் திருப்பி அனுப்பினவனை மன்னிக்க மாட்டார்கள். கடை திறந்த அன்றைக்கே அது நடந்தால் அந்தக் கடை விளங்காது. மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வேன் போய்விட்டது என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அம்மாதான் எழுந்தாள். பின்கட்டுக்குப் போய் ஒரு கிலோ வத்தலை நிறுத்து, பேப்பரில் கட்டிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டரின் முன்னால் ஒரு நொடி வைத்து எடுத்து, அண்ணாச்சியிடம் நீட்டினாள்.

“அது குடுத்ததா நெனச்சுக்கோங்க அண்ணே.”

அண்ணாச்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மில் மோட்டார் உறுமியது. குழாய் சுருங்கி மறைந்தது.

அன்று சாயங்காலமே, “கம்ப்யூட்டர் வத்தல் இருக்கா?” என்று ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாரம் சில்லறை வியாபாரம் அமோகம். கணக்கு எழுதத்தான் ஒருவரும் வரவில்லை.

மதுரைக் கடைக்காரர் கால் பங்கு விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாமா துள்ளி எழுந்தார். “வெல எறங்குன நேரத்துல எவனாச்சும் சரக்க விப்பானா? வத்தல் எறங்குனா என்ன செய்வோம்? இருப்பு வைப்போம். ஏறட்டும்!”

அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. கம்ப்யூட்டர் படித்த நானும் தலையாட்டினேன். (இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.) சாக்கைச் சுற்றி, குடோனில் வத்தல் மூட்டைகளோடு அதையும் அடுக்கினோம். மூட்டைகள் வந்தன, போயின. அது மட்டும் இருந்தது. மாமா அவ்வப்போது விலை விசாரிப்பார். விசாரிக்க விசாரிக்க இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே படிந்திருந்த வத்தல் தூசியில் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டு, சொன்ன விலையிலும் குறைத்துக்கொண்டார்.

அப்பா சில வருடங்கள் கழித்து வேன் வாங்கினார். அதற்குள் முழங்கால் மோசமாகி, வேனில் ஏறுவதற்கே ஒரு ஸ்டூல் போட வேண்டியிருந்தது. ஸ்டூல் போடுகிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மகள் ஒரு லேப்டாப்பின் படத்தைக் காட்டினாள். சினிமா கிராபிக்ஸ் செய்கிறவர்கள் வாங்குவதாம், சாதாரண லேப்டாப்பைப்போல மூன்று மடங்கு விலை. நான் அது எதற்கு என்று கேட்பதற்குள், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா முந்திக்கொண்டார்.

“புள்ள ஆசப்படுது, வாங்கிக் குடுரா. போணிக்கு வத்தல் நான் தாரேன்.”