மாப்பிள்ளை கழுவிய மீன்தொட்டி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வயிறு குலுங்க ஒரு கதை சொல்கிறேன்.

சின்ன மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் அன்று சாயங்காலம் திரும்புகிறார். அவருடைய மீன்தொட்டியோ சுண்ணாம்புத் தண்ணீராய்க் கலங்கிக் கிடக்கிறது. ரேடியோ மெக்கானிக் மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது மாமியாரின் செல்ல மீனுடைய தொட்டி. ஆரஞ்சு உடம்பு, வெள்ளை வால். சரியான வெட்கக்காரி. எந்நேரமும் கவிழ்த்த மண்சட்டிக்குள்தான் குடித்தனம். "தொட்டியப் பத்திக் கவலையே படாதீங்க மாப்பிள்ளை" என்று மாமியார் சொன்னதை மரியாதைப் பேச்சு என்று நினைத்து, காலையும் மாலையும் தாராளமாகத் தீனி தூவியிருந்தார் மனுஷன்.

"என்னங்க, மீன் கடையில சொல்லி ஆள் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்குத் தண்டச் செலவு? எல்லாத்துக்கும் வீட்டுலயே வழி இருக்கு."

முதல் வழி, ரப்பர் குழாய். ஒரு முனை தொட்டிக்குள். மறுமுனையை வாயால் உறிஞ்சி விட்டால் அடிக்கசடு தானாக வாளிக்கு வரும். வந்தது. முதல் மடக்கு மட்டும் அவர் தொண்டைக்குள் போய்விட்டது.

"ருசி எப்படி?"

"நீ சும்மா இருக்கமாட்ட?"

அடுத்து, காலாவதியான வங்கி அட்டையால் கண்ணாடிப் பாசியைச் சுரண்டினார். கண்ணாடி பளிச்சென்றது. ஆனால் பாசி முழுக்கத் தண்ணீரில் இறங்கி, வெள்ளையாய்க் கலங்கியிருந்தது பச்சையாய்க் கலங்கியது. அதை வடிகட்ட, பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, ஓட்டை போட்டு, பஞ்சை அடைத்து, காற்று மோட்டாரை மாட்டினார். மோட்டார் ஒரு இருமல் இருமி, அத்தனை பஞ்சையும் தொட்டிக்குள் கக்கியது.

"மேகம் கூடியிருக்கு. மழை வருமோ?" என்றாள் மனைவி.

அவர் பஞ்சை அள்ளிய கையாலேயே தலையைச் சொறிந்தார். விளிம்பிலிருந்த உப்புக்கறையையாவது துடைப்போம் என்று வினிகரை எடுத்தார். ஈரக்கை வழுக்கிப் பாட்டிலே உள்ளே விழுந்தது.

"ஐயோ, மீனு!"

இருவரும் வாளி வாளியாக இறைத்தார்கள். செடிகளை உதறினார்கள். மண்சட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். மீன் இல்லை. வாளியிலும் இல்லை, தரையிலும் இல்லை.

மனைவியின் பார்வை மெல்லக் கணவனின் வயிற்றில் வந்து நின்றது. "உறிஞ்சினீங்களே..."

"அடிப்பாவி, முழு மீனு போனா எனக்குத் தெரியாதா?" என்றவர், சந்தேகத்துக்கு வயிற்றைத் தடவியும் பார்த்துக்கொண்டார்.

அப்படியே தெருமுனை மீன் கடைக்கு ஓடினார்.

"அக்கா, ஆரஞ்சு உடம்பு, வெள்ளை வால். அச்சு அசலா ஒண்ணு குடுங்க. இல்லேன்னா இனிமே நான் மாமியார் முகத்துல முழிக்க முடியாது."

கடைக்காரம்மா அவர் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வைத்தார். வெட்கக்காரி அதற்குள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

போன உயிர் திரும்பி வர, மெக்கானிக் அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "இது... எங்க மீனாச்சே! எப்படிக்கா?"

"ஊருக்குப் போற அன்னைக்கே உங்க மாமியார் கொண்டுவந்து விட்டுட்டாங்க தம்பி. 'எங்க மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. முகத்துக்கு நேரா வேண்டாம்னும் சொல்ல முடியாது. காலித் தொட்டியவே கழுவி ஆசை தீரட்டும்'னாங்க."

உங்கள் வீட்டுத் தண்ணீரும் மனசும் தெளிந்தே இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் முகம் கோணாமல் உங்களைக் காப்பாற்றும் பெரியவர்கள் அந்த வீட்டில் நிறைந்திருக்கட்டும்.