தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் யூனிவர்சிட்டி

இந்த நாட்டில் நடந்த விபத்துகளைப் பற்றித் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நடக்காத விபத்துகளைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் முன்னெச்சரிக்கை அண்ணன் ஒருவர்தான். மண் சரிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, பஸ் பின்பக்கமாக உருண்டால் எந்த ஜன்னலில் குதிப்பது, விரிவுரை நடக்கும்போது கூரை விழுந்தால் எந்த மேசைக்கு அடியில் புகுவது, எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர்கள் தலவாக்கலை ரயில் நிலையத்துப் போர்ட்டர்கள். ரயில் ஏறுவதற்கு முன் நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "சேர், இன்னைக்குப் பாலத்தையெல்லாம் பார்த்தாச்சுங்களா?" என்று கேட்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஒல்லியாக, உயரமாக இருப்பார். வெயிலிலும் குடை. கோட்டின் ஒரு பையில் தீப்பெட்டி, மறு பையில் விசில்.

"தீப்பெட்டி எதுக்கு அண்ணே?"

"கொகைக்குள்ள ரயில் நின்னுட்டா?"

"விசில்?"

"தீப்பெட்டி நனைஞ்சிட்டா?"

எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து யூனிவர்சிட்டிக்குப் போன முதல் ஆள் அவர்தான். மலைக்குக் கீழே கண்டிப் பக்கத்தில் இருந்த அந்த இடத்தில் அவர் இரண்டு வருடம் முடித்திருந்த சமயத்தில் நான் பரீட்சையில் தேறினேன். அறுபதுகளின் தொடக்கம். தோட்டத்துத் தமிழர்களான எங்கள் ஆட்களை இந்தியாவும் தன் பிள்ளை என்று சொல்லாமல், இலங்கையும் தன் பிள்ளை என்று சொல்லாமல் நடுவில் நிறுத்தி வைத்திருந்த காலம். அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பெண்பிள்ளை படிக்கப் போவதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் அதைத் தொடாமல் இருந்தோம். முன்னெச்சரிக்கை அண்ணன் வந்து தொட்டார்.

மழைத் தூறலில் குடையை மடக்கியபடி வாசலில் நின்றார்.

"ஐயா, நான் வாழ்த்துச் சொல்ல வரலைங்க. எச்சரிக்கை சொல்ல வந்தேன்."

அப்பா நாற்காலியைக் காட்டினார். அதன் நாலு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணி ஆறுவதற்குள், அங்கே என்னை எதிர்நோக்கியிருந்த ஆபத்துகளையெல்லாம் சொல்லி முடித்தார். பாடமெல்லாம் இங்கிலீசில். சாப்பாடு முள்ளுக்கரண்டியில். ஆறு ஆழம். மேட்டில் அட்டை, பள்ளத்தில் பாம்பு. புதிதாக வருகிறவர்களைப் பிடித்து வைத்துப் பாடச் சொல்லி, ஆடச் சொல்லி, மண்டி போடச் சொல்லும் பகிடிவதை வேறு.

"பொம்பளைப் புள்ளைங்களையுமா?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. தெரியாததுதான் ரொம்ப ஆபத்து."

அவர் நிம்மதியாகப் புறப்பட்டுப் போனார். எங்கள் வீட்டு நிம்மதியும் அவர் பின்னாலேயே போய்விட்டது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வருசம் கழிச்சுப் போனா என்ன புள்ள?" என்றார். ஒரு வருடம் கழித்து என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் தள்ளிப் போட்ட கல்யாணம் நடந்திருக்கிறது. தள்ளிப் போட்ட படிப்பு நடந்ததில்லை.

செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போனது. ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"ஐயா, நான் அனுப்ப வேணாம்னா சொன்னேன்? தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்கன்னுதானே சொன்னேன்! எல்லாத்துக்கும் பழகிட்டா ஒண்ணும் ஆகாதுங்க. ஞாயித்துக்கிழமை உங்க பள்ளிக்கூடத்தைக் குடுங்க. ஒருநாளைக்கு அதை யூனிவர்சிட்டியா மாத்திக் காட்டுறேன்."

இப்படித்தான் எனக்கும், பக்கத்துத் தோட்டத்துச் சுப்பையாவுக்கும் பழகு நாள் நடந்தது. அந்த வருடம் எங்கள் பக்கத்திலிருந்து தேறியது நாங்கள் இரண்டு பேர்தான். சுப்பையா, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பையன். அம்மா கொழுந்து எடுப்பவள், அப்பா இல்லை. சுப்பையா கணக்கில் புலி, பேச்சில் ஊமை. யாராவது பெயரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட யூனிவர்சிட்டி ஆனது. விரிவுரையாளர், வார்டன், சமையல்காரர் எல்லாம் அண்ணனே. கோட்டைத் திருப்பிப் போட்டால் வார்டன். தோட்ட நிர்வாகியான தொரையின் பங்களா சமையல்காரரிடம் இரவல் வாங்கிய முள்ளுக்கரண்டிகளை வைத்து ரொட்டி சாப்பிடச் சொன்னார். நான் அழுத்திய வேகத்தில் ரொட்டி பறந்துபோய் அப்பாவின் மடியில் விழுந்தது. அப்பா அதைக் கவலையோடு பார்த்தார், மகளின் எதிர்காலமே மடியில் விழுந்துவிட்ட மாதிரி.

பிறகு பகிடிவதைப் பயிற்சி. அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீனியர் ஆனார். அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார்.

"டேய்! மண்டி போடு! இந்த ரூமைத் தீக்குச்சியால அளந்து சொல்லு!"

சுப்பையா மண்டி போட்டான். நிஜமாகவே நடுங்கினான். அந்த நேரம் பார்த்து, மகனை அழைத்துப்போக வந்த அவன் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம் கதவு திறந்தது. அவள் கையில் விறகுக்கட்டை.

"யார்ரா எம் புள்ளைய மண்டி போட வைக்கிறது?"

"அம்மா, இது பழக்கம் காட்டுறதுங்க!"

"நானும் பழக்கம் காட்டுறேன்டா!"

அண்ணன் வாங்குப் பலகைகளுக்கு நடுவே ஓடினார். எந்த ஆபத்துக்கும் வழி வைத்திருந்த மனிதரிடம் இதற்கு மட்டும் வழி இல்லை. முதுகில் இரண்டு அடி விழுந்த பிறகுதான் அப்பா குறுக்கே பாய்ந்து நிறுத்தினார். விசயத்தை விளக்கியதும் அந்த அம்மா கட்டையைக் கீழே போடாமலே யோசித்தாள்.

"அப்ப அங்கயும் இப்படித்தான் செய்வானுங்களா?"

"செய்யலாம்ங்கம்மா."

"சரி. நானும் அங்க வாறேன்."

அப்பா சிரித்தார். பரீட்சை முடிவு வந்ததிலிருந்து அன்றுதான் அவர் வாய் விட்டுச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு, முதுகைத் தடவிக்கொண்டிருந்த அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்களை அங்க யாரும் அடிச்சாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?"

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்தார். வெகுநேரம் அதை மடித்தார்.

"யாரும் ஒண்ணும் செய்யலைங்க. முத நாள் சாப்பாட்டு மேசையில ஒருத்தர் எந்த ஊருன்னு கேட்டாரு. தலவாக்கலைன்னேன். அப்பா என்ன செய்யிறாருன்னு கேட்டாரு. சுத்தியும் டாக்டர் மகன், லாயர் மகன். டவுன்ல கடை வச்சிருக்காருன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வாயைத் தொறந்தா மாட்டிக்குவோமோன்னு யார்கிட்டயும் ஒட்டவே இல்லைங்க. ரெண்டு வருசமா ஆத்தங்கரையில தனியா நடக்குறேன். அதனாலதான் ஆறு ஆழம்னு தெரியும்."

சுப்பையாவின் அம்மா கட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"இதுங்க ரெண்டும் அப்படி ஆகிடக் கூடாதுங்க" என்றார் அண்ணன்.

அப்பா என்னைப் பார்த்தார். "மூணு பேரும் சேந்தே போங்க. பொட்டியை எடுத்து வை" என்றார்.

தலவாக்கலையில் நாங்கள் மூன்று பேரும் ரயில் ஏறினோம். விபத்து வந்தால் முன் பெட்டியும் பின் பெட்டியும்தான் நசுங்கும் என்பதால் நடுப் பெட்டி. ஒவ்வொரு குகையும் முடிந்து வெளிச்சம் வந்ததும் அண்ணன் எழுந்து நின்று ஆட்களை எண்ணினார். எங்களை மட்டுமல்ல, பெட்டியில் இருந்த எல்லாரையும். எதிரே இருந்த சிங்களக் குடும்பம் முதலில் முறைத்தது. ஹட்டன் தாண்டிய பிறகு, குகை முடிந்ததும் அவர்களே அண்ணனைப் பார்த்து, "ஒக்கோம இன்னவா, மாத்தயா" என்று, எல்லாரும் இருப்பதாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேயிலை முடிந்து, ரப்பர் மரங்கள் வந்து, காற்றில் குளிர் போய்விட்டிருந்தது. சுப்பையா கம்பளையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முன்னும் பேசவில்லை.

அண்ணனின் விடுதி வாசலில் ஒரு கூட்டம். "முதலாளி வந்திட்டார்!" என்று யாரோ கத்தினார்கள். கடை வைத்திருப்பவர் மகன் அல்லவா, அங்கே அவருக்கு அந்தப் பெயர். அண்ணன் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அட்டை வரவில்லை, பாம்பு வரவில்லை. யாரும் மண்டி போடச் சொல்லவும் இல்லை. வந்தது அவர் எச்சரிக்காத ஒன்று. இரண்டாம் நாள் மாலை தமிழ் மாணவர்கள் ஒரு மண்டபத்தில் புதியவர்களுக்கு வரவேற்பு வைத்தார்கள். வடை, வாழைப்பழம், தேநீர். அதற்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், தகப்பனார் பார்க்கும் வேலை சொல்ல வேண்டும்.

முன் வரிசையில் தொடங்கியது. தகப்பனார் டாக்டர். தகப்பனார் கொழும்பில் கணக்காளர். தகப்பனார் கல்லூரி அதிபர். புதியவர்களில் கடைசி வரிசையில் நாங்கள். எனக்கு வாத்தியார் என்று சொல்லிவிடலாம், தப்பிக்கலாம். எனக்கு முந்தின முறை சுப்பையாவுக்கு. பக்கத்தில் பார்த்தேன். அவன் காதுமடல் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணனின் மூச்சு எனக்குக் கேட்டது.

சுப்பையாவின் முறை வந்தது. எழுந்தான்.

"சு... சுப்பையா."

"எவ்விடம்?"

"தலவாக்கலை."

"அப்பா?"

சுப்பையா வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் திறந்தான். முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவன் இப்போது என்ன சொன்னாலும் அதைத்தான் நாலு வருடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"மன்னிக்கணும்ங்க" என்றார் முன்னெச்சரிக்கை அண்ணன். முன்னிருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த நாற்காலியும் சேர்ந்து ஆடியது. "நான் புது ஆள் இல்லைங்க. ஆனா நானும் இன்னும் என்னைச் சரியா அறிமுகம் செய்யலை. எங்க அப்பா தோட்டத்துல தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறாரு. அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. நான் லயத்துல பொறந்தவன்."

மேடையோரம் நின்ற ஒரு யாழ்ப்பாணத்துச் சீனியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப கடை?"

"கடை இல்லைங்க."

"ஐசே, உம்மட கடையில தேயிலை மலிவா வாங்கித் தாரும் எண்டு கேக்க ரெண்டு வருசமா வெக்கப்பட்டுக்கொண்டு திரிஞ்சனான்!"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத ஒரு கணம் இருந்தது. அண்ணன் அந்தச் சீனியரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "கடை இல்லாட்டியும் தேயிலை கெடைக்குங்க. அம்மாகிட்டச் சொல்றேன்" என்றார். இந்தத் தடவை எழுந்த சிரிப்பில் பயமில்லை. சீனியர் கை தட்டினார். அந்தச் சத்தத்தின் நடுவில் சுப்பையா, யாரும் கேட்காமலே, உரக்கச் சொன்னான்: "எங்க அம்மாவும் கொழுந்துதாங்க எடுக்கிறாங்க. அப்பா இல்லை."

அதற்குப் பிறகு நான் எழுந்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. சத்தமாகச் சொன்னேன் என்பது மட்டும் ஞாபகம்.

தேநீர் நேரத்தில் அண்ணனை ஒரு மூலையில் உட்கார வைத்தோம். அப்போது தயங்கித் தயங்கி ஒருவர் வந்தார். அண்ணனின் விடுதிக்காரர்தான், அடுத்த அறை.

"அண்ணே, நானும் தோட்டந்தாங்க. பதுளைப் பக்கம்."

"நீங்க பண்டாரவளையில போஸ்ட் மாஸ்டர் மகன் இல்லையா?"

"அப்படித்தாங்க சொல்லி வச்சிருந்தேன்."

இரண்டு வருடம், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முதலாளி மகன், அந்தப் பக்கம் ஒரு போஸ்ட் மாஸ்டர் மகன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிரித்தார்களா அழுதார்களா என்று தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவருக்குப் பின்னால் மாத்தளையிலிருந்து இன்னொரு பெண் வந்தாள். எங்கள் மூலையில் நாற்காலி போதவில்லை.

அண்ணன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். ஒரு கையில் கோப்பை, மறு கையில் கடித்த வடை. சூடா, ஆறியதா என்று பார்க்காமலே தேநீரைக் குடித்தார். முகத்தில் கவலை என்பதே இல்லை. அந்த முகம் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. எனக்கு அவரை நினைத்தால் இன்றும் முதலில் வருவது அந்த முகம்தான்.