நாலாம் படுக்கையில் நிர்வாகி

அன்பும் மதிப்பும் மிக்க பாலகுரு மாமாவுக்கு,

அரபு நாட்டுத் தேராவிலிருந்து மஹதி வணக்கத்துடன் எழுதுவது. எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். அம்மா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலும், முதியோரைத் தவிர, எல்லோரும் நலம். எனக்குத் திருச்சியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கேட்டு அலைகிறீர்கள் என்று அறிந்தேன். இனி அலைய வேண்டாம். காரணத்தை எழுதுகிறேன்.

இல்லத்தை நடத்த, தேர்வு எழுதி உரிமம் பெற்ற நிர்வாகி ஒருவர் வேண்டும். பணி நேரம் முழுவதும் அவர் கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே உரிமம் அஸ்கர் அலி அங்கிள் பெயரில் இருக்கிறது. அவர் விதிக்கு மேலாகவே இருக்கிறார், இரவிலும் இங்கேதான், நாலாம் படுக்கையில். மறதி நோய் வந்ததும் முதலாளி அவரைப் படுக்கைக்கு மாற்றினாரே தவிர, சுவரில் மாட்டிய உரிமத்தை மாற்றவில்லை. வேலை முழுவதும் உதவி நிர்வாகியான அம்மாதான் செய்கிறார். அம்மாவும் உரிமத் தேர்வு எழுதியிருக்கிறார், முடிவுதான் வரவில்லை. அப்பாவுக்கு வேலை போனபின் நாங்கள் அம்மாவின் விசாவில் இருப்பதால், இல்லத்தை மூடினால் குடும்பமே ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

போன வாரம் ஆய்வாளர் அம்மையார் சொல்லாமல் வந்துவிட்டார். விடுமுறை என்பதால் நான் அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். முதலாளி, "யல்லா, சீக்கிரம் ராதா, அவருக்குக் கோட்டைப் போட்டு விடு" என்று அம்மாவிடம் ஓடினார். மேலே கோட்டும் டையும், கீழே இல்லத்துப் பைஜாமாவுமாக அங்கிளை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அவர் அம்மாவிடம், "யாரும்மா நீ, வேலை கேட்டு வந்தியா? உக்காரு" என்றார். அம்மாவும் உட்கார்ந்தார். ஆனால் ஆய்வாளர் கேட்டதற்கெல்லாம் அங்கிள் விதி எண்ணோடு அரபியிலேயே பதில் சொன்னார். கடைசியில் அம்மா பக்கம் திரும்பி, தமிழில், "அந்த நாலாம் படுக்கைக்காரரைக் கொஞ்சம் கவனிங்க, பாவம், அவரைப் பார்க்க யாருமே வர்றதில்ல" என்றார். ஆய்வாளர் என்னவென்று கேட்டு, உடனே போய்ப் பார்த்தார். படுக்கை காலி. "பாத்ரூம் போயிருக்கார்" என்றார் அம்மா. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. இவ்வளவு அக்கறையுள்ள நிர்வாகியைப் பார்த்ததில்லை என்று ஆய்வாளர் பாராட்டிவிட்டுப் போனார். நாங்கள் பிழைத்தோம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலி விரைவில் குறைய வேண்டிக்கொள்ளும்,

மருமகள்,
மஹதி

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. அங்கிள் இன்று காலை தூக்கத்திலேயே இறந்துவிட்டார். முதலாளி வீட்டுக்கே வந்து, "உன் ரிசல்ட் வர்ற வரைக்கும் அவர் லீவ்ல இருக்கார், கலாஸ், அவ்வளவுதான்" என்றார். அம்மா அவர் எதிரிலேயே உரிமம் தரும் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார். ஆகவே திருச்சியில் இடம் கேளுங்கள் மாமா. போனை எடுத்தவர், இறந்தது நோயாளியா, நிர்வாகியா, இரண்டுக்கும் வேறு வேறு பிரிவு என்றார். அம்மா, "ரெண்டு பேரும்" என்றார்.