துக்கேனி துரையின் வீடு

"மேடம், துக்குணூண்டுன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?"

ஈரோட்டுக்காரர் கேட்டது இவ்வளவுதான். சங்கவி அப்போதுதான் ஒரு கூட்டம் சுற்றுலாப் பயணிகளைச் சந்துக்குள் ஒண்ட வைத்து, "இந்தத் துக்குணூண்டு சந்துலதான் அந்தக் காலத்துல குதிரை வண்டி போச்சு" என்று சொல்லி முடித்திருந்தாள். குதிரையைப் பற்றிக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பாள். மனுஷன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

பொல்லாத வார்த்தைதான் அது. தண்ணீர் என்றால் துளி, பொடி என்றால் சிட்டிகை என்று மற்றதற்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. துக்குணிக்கு அப்படி எல்லையே கிடையாது. குழம்பில் போடுகிற உப்பும் துக்குணி, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் துக்குணி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருக்கிற மூளையும் துக்குணி. நாள் முழுக்கச் சொல்கிறோம், எங்கிருந்து வந்தது என்று எவன் கேட்டான்?

"தெரியாதுங்க" என்று சொல்லியிருக்கலாம். சங்கவி அதை மட்டும் சொல்லமாட்டாள். பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் பிடித்து சேதராப்பட்டு கம்பெனிக்குப் போய், வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் முறைக்கிற வரிசையில் நின்று, டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தவள் அவள். பேசுவதற்கே சம்பளம் தருகிற இந்த கைடு வேலை அவளுக்குக் குலதெய்வம் கொடுத்த வரம். காலையில் கடற்காற்று முகத்தில் அடிக்க, கழுத்தில் பேட்ஜ் ஆட, கூட்டத்துக்கு முன்னால் நடக்கும்போது அவளுக்கு இருக்கிற சந்தோஷம் கவர்னருக்குக்கூட இருக்காது.

தவிரவும், பாண்டிச்சேரியில் ஒரு வசதி உண்டு. எதற்குக் காரணம் தெரியாவிட்டாலும் பிரெஞ்சுக்காரன் தலையில் கட்டிவிடலாம். அவன் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாயிற்று. மறுத்துப் பேச வரமாட்டான்.

"அது ஒரு தொரையோட பேருங்க. முசே துக்கேனி. முசேன்னா பிரெஞ்சுல ஐயா. ரொம்பக் குள்ளம். சனங்களுக்கு அரிசி அளந்து குடுக்கிற உத்தியோகம். ஆளுக்கேத்த மாதிரி படியும் சின்னது. துக்கேனி அளவு, துக்கேனி அளவுன்னு சொல்லிச் சொல்லி துக்குணி ஆயிடுச்சு."

ஈரோட்டுக்காரர் அசந்துபோனார். துரை எங்கே குடியிருந்தார் என்று அடுத்த கேள்வியைப் போட்டார். எதிரே ஒரு மஞ்சள் வீடு. நீலக் கதவில் எப்போதும் பூட்டு தொங்கும். சங்கவி கையை நீட்டினாள். அவர் போனை நீட்டி வீடியோ எடுத்தார். அதோடு விட்டது சனியன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனியன் அங்கேதான் குடியேறியது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வாரம் வந்த கூட்டம், கடற்கரை வேண்டாம், சர்ச் வேண்டாம், குள்ளத் துரை வீட்டைக் காட்டு என்றது.

டூர் கம்பெனி முதலாளி புருஷோத்தமன் அவளைக் கூப்பிட்டு, இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். அவர் சரித்திரப் பைத்தியம். சின்னப் பையனாக இருந்தபோது அந்த மஞ்சள் வீட்டுத் தெருமுனையில் ஒரு கைடு, மூடிக்கிடக்கும் கிணற்றைக் காட்டி, கவர்னர் பெண்சாதி கோபத்தில் வைர மோதிரத்தைக் கழற்றி அதில் வீசின சரித்திரத்தைச் சொல்ல, நின்று கேட்டாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியத்தில்தான் இந்தக் கம்பெனியே ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்தக் கிணற்றைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போடாமல் போகமாட்டார். "அது சரித்திரம். நீ வுடறது கதை" என்று சங்கவியிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கடற்கரை மணலைக் கப்பலில் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று அவள் ஒரு கூட்டத்துக்கு அளந்துவிட்டபோது நடந்த பஞ்சாயத்து அது. இன்னொரு தடவை மாட்டினால் பேட்ஜைக் கழற்றிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார்.

ஆகவே சங்கவி, பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற ஒரு தாத்தா சொன்னார் என்றாள். எந்தத் தாத்தா என்றார். செத்துட்டாருங்க என்றாள்.

தாத்தாவைச் சாகடித்த கையோடு துரையையும் முடித்துவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றியது. அடுத்த கூட்டத்திடம், துரை காலராவில் போய்ச் சேர்ந்தார் என்றாள். கல்லறை எங்கே என்று கேட்டார்கள். பொய்யில் ஆளைச் சாகடிப்பது சுலபம், புதைப்பதுதான் கஷ்டம். கல்லறையே கிடையாது, பிள்ளைச்சாவடிக்கு நேரே கடலில் விட்டுவிட்டார்கள் என்று ஒரே முழுக்காகத் தலைமுழுகினாள்.

அதுவும் தப்பாய்ப் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் சித்தப்பா குப்பன் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். துரையைக் கடலில் விட்ட இடத்தில் பூப்போட வேண்டும் என்று ஆள் ஆளாய் வருகிறார்களாம். "நல்ல தொரைம்மா அவரு. செத்தும் நமக்கு சோறு போடறாரு" என்று மனசாரச் சொன்னார்.

மஞ்சள் வீட்டுப் பக்கம் கூத்து இன்னும் பெரிசு. அம்மா காலத்திலிருந்தே சாவியை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பெருக்க வரும் தனம், வந்தவர்களை ஏமாற்றி அனுப்ப மனசு வராமல் கதவைத் திறந்துவிட்டாள். பரணில் கிடந்த குழந்தைக் கட்டிலை இறக்கித் துடைத்துக் கூடத்தில் போட்டு, துரை படுத்த கட்டில் என்றாள். சங்கவியே ஒரு நாள் கூட்டத்தோடு உள்ளே போய் அதைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கே கண் கலங்கிவிட்டது, பாவம் துரை என்று.

அப்போதுதான் அந்த வீட்டுச் சொந்தக்காரர் வந்து இறங்கினார். இராமதாஸ் என்று பெயர். நாற்பது வருஷம் பாரிசில் இருந்துவிட்டு, இனிமேல் சொந்த ஊரில் நிம்மதியாகக் கண்மூடலாம் என்று வந்தவர். முதல் நாள் காலையில் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது திறந்த கதவு வழியாக ஒரு குடும்பம் உள்ளே வந்து, ஆறடி உயர மனிதரை ஏற இறங்கப் பார்த்து, "குள்ளம்னு சொன்னாங்க?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டது.

அவர் நேரே புருஷோத்தமனுக்குப் போன் போட்டு, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மஞ்சள் வீட்டு வாசலில் புருஷோத்தமன் நின்று சொன்னார்: "நீ சொன்னது பொய்யின்னா, பேட்ஜ இங்கயே கழட்டிக் குடுத்துடு."

உள்ளே கூடத்தில் இராமதாஸ் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். சேதராப்பட்டு வரிசையும் டப்பா மூடியும் சங்கவி கண்முன் வந்து நின்றன. ஆனாலும் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. போதும் என்றாகிவிட்டது.

"எல்லாம் நான் கட்டின கதைங்க ஐயா. தொரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வார்த்த எங்கேர்ந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாது."

அந்தக் கடைசிச் சொல்லை அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாகச் சொன்னாள். புருஷோத்தமன் கையை நீட்டினார். அவள் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தாள்.

இராமதாஸ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியாதுன்னு அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அவளிடம் கேட்டார்.

"அவ்ளோ ஆசையா கேக்கறவங்ககிட்ட எப்படிங்க ஐயா சொல்றது?"

இராமதாஸ் உள்ளே திரும்பி, "தனம், அந்த மூலையில தொரையோட கைத்தடி இருக்குமே, எடுத்தா" என்றார்.

தனம் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் உள்ளே போய், முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்க தாத்தாவோட தாத்தா முசே துக்கேனிகிட்ட குமாஸ்தா" என்றார் இராமதாஸ், புருஷோத்தமனைப் பார்த்து. "இந்தப் பொண்ணு என்னமோ பயந்துபோயி ஒளர்றா. தொரை குள்ளம்தான், ஆனா இவ சொல்ற அளவுக்குக் குள்ளமில்ல. அதத் திருத்தச் சொல்லத்தான் கூப்ட்டனுப்பினேன்."

புருஷோத்தமன் உருகிவிட்டார். கைத்தடியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பேட்ஜைத் தானே சங்கவி கழுத்தில் மாட்டி, "உண்மையச் சொல்றதுக்கு எதுக்கும்மா பயப்படணும்" என்றார். சங்கவி தலையை ஆட்டினாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவளுக்கு.

புருஷோத்தமன் ஆனந்தத்தில் முன்னால் நடந்தார். வழியனுப்ப வாசல்வரை வந்த தனத்தின் கையைச் சங்கவி பிடித்துக்கொண்டாள். அந்தத் தடி என்ன தடி என்று மெதுவாகக் கேட்டாள். போன வாரம் உடைந்த ஒட்டடைக் கம்பின் அடிப்பாதி என்றாள் தனம்.

"அப்புறம் ஏங்க்கா ஐயா எனக்காக இப்படிச் சொன்னாரு?"

தெருமுனையில் புருஷோத்தமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தனம் அவரையே பார்த்தாள்.

"பிரான்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஐயா இதே தெருவுல கைடா இருந்தவரும்மா. அந்தக் கிணத்துல மோதிரத்த வீசின கதை, அவரு வுட்டதுதான்."