முன்கூட்டியே ஒரு நன்றி

"ஆருக்கு நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை அப்பா," என்று ஆறு வயது ஸ்ரெபானி வெறும் அட்டையை நீட்டினாள்.

பாலர் வகுப்பு ஆசிரியை கியர்ஸ்டன் பிள்ளைகளுக்கு நன்றியுணர்வு பழக்கிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கால் அச்சுக் குத்தி, மக்கரோனி ஒட்டி, யாருக்காவது நன்றி அட்டை செய்ய வேண்டும். டேனிஷ் ஊரான விபோர்க்கின் மற்றப் பிள்ளைகள் குதிரைக்கும் நாய்க்குட்டிக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

அப்பா மரியரட்ணத்துக்கு மூளை வேலை செய்தது. எப்போதாவதுதான் செய்யும், செய்தால் வீட்டுக்கு நட்டம்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தகப்பனையும் மகளையும் மட்டும் விமானம் ஏற்றியிருந்தான். மனைவி செலீனா கொழும்பில். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் பதின்மூன்று மாதமாக டேனிஷ் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் இளைப்பாறியது. அது 1988. தமிழர்களுக்கு இல்லாத ஓய்வு அவர்களின் விண்ணப்பங்களுக்கு இருந்தது.

"விசா குடுக்கிற கந்தோருக்குச் செய் பிள்ளை. அம்மா பிளேனாலை இறங்கிறமாதிரிக் கீறு."

"அம்மா இன்னும் வரேல்லையே?"

"அந்தோனியாரிட்டைக் கேக்கேக்கையே நன்றியும் சொல்லிப்போடுவமெல்லே? பிறகு அவருக்குத் தராமல் விட வெக்கமாயிருக்கும்."

கியர்ஸ்டன் கண்கலங்கி, 'அம்மாவைத் தந்ததற்கு நன்றி' என்று டேனிஷில் வடிவாக எழுதித் தபாலில் சேர்த்தார்.

பதில் இல்லை.

"ஒரு அட்டையோடை விட்டால் காணுமே?" என்றார் பக்கத்து வீட்டுச் சிவானந்தன். "அந்தோனியாருக்கு ஒம்பது செவ்வாய்க்கிழமை எண்டுதானே உங்கடை ஆக்கள் சொல்லுறவை. கந்தோர்க்காரர் என்ன அவரிலும் இளகின மனமே?"

சைவக்காரர் சொன்ன வேத வாக்கு. செவ்வாய்தோறும் அட்டை போனது. படங்களில் அம்மா புட்டு அவித்தாள். கறுப்புக் கம்பளிக் கூந்தல் பறக்கப் பனியில் சறுக்கினாள். எட்டாவதில் மடியில் ஒரு குழந்தை.

"இதார் பிள்ளை?"

"தம்பி. வகுப்பிலை எல்லாருக்கும் இருக்கு."

"சரி, கிடக்கட்டும். கேக்கிறதைக் கூடவே கேப்பம்."

ஒன்பதும் போயிற்று, ஒரு வரி வரவில்லை. மரியரட்ணம் தொழிற்சாலையில் லீவு போட்டு, மொழிபெயர்க்க மகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

அலுவலகப் பெண் பெயரைக் கேட்டதும் எழுந்து வந்து கைகுலுக்கினாள். சுவரில் ஒன்பது அட்டைகளும் வரிசையாக. அந்தோனியார் வேலை செய்துவிட்டார்! மரியரட்ணத்தின் கண் நிரம்பியது. அவள் சிரித்துச் சிரித்து நெடுநேரம் பேசினாள்.

"என்னவாம் பிள்ளை? எப்ப வரட்டாம்?"

ஸ்ரெபானி விரலைக் கடித்தாள்.

"அம்மா வந்து சேர்ந்ததிலை அவைக்கு நல்ல சந்தோசமாம் அப்பா. முதல் படம் கிடைச்ச அண்டைக்கே எங்கடை விசாப் பைலை மூடிட்டினமாம்."