எண்ணூறு கிராம் குறைவு

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட தையற்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை சுகம், தையல் இயந்திரம் சுகம், நான் தேவைக்கு மேலேயே சுகம். உங்கள் மருமகள் குட்டி மட்டும் எண்ணூறு கிராம் குறைவாக இருக்கிறாள். அங்கே அக்காவும் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு விதி எழுதுகிறவர் வீட்டு வாசலில் நிற்க எந்த நோய்க்குத் துணிச்சல் வரும்?

விஷயத்துக்கு வருகிறேன். குட்டிக்கு ஒன்பது வயது. அவள் சீருடைப் பாவாடையை நான்தான் தைக்கிறேன். வளரும் பிள்ளை என்று எப்போதும் இடுப்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பேன். இந்த வருஷம் ஆறே மாதத்தில் நாலு விரலும் தீர்ந்துவிட்டது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்ததைப் பார்த்து நாலு பிள்ளைகள் சிரித்ததிலிருந்து, விளையாட்டு வகுப்பு நாளில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா தங்கமானவர். இது நோய் இல்லை, நோய்க்குப் பக்கத்து வீடு, இப்போதே கவனித்தால் பிற்பாடு மருந்து மாத்திரை எதுவும் வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டு, குட்டியிடம் நீச்சல் பிடிக்குமா என்று கேட்டார். வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரே பார்க்காத பிள்ளை, தலையை அப்படி ஆட்டினாள். அரசுக் காப்பீட்டில் குழந்தைகளுக்கான உடல் பருமன் தடுப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, நகராட்சிக் குளத்தில் வாரம் இரண்டு மாலை நீச்சல், கூடவே உணவு ஆலோசகர், எல்லாம் இலவசம், மாதக் கடைசிக்குள் சேர்ந்துவிடுங்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே நீலத் துணி வாங்கி நீச்சல் உடை தைத்தேன். குட்டி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் காப்பீட்டு அலுவலகம் போனோம். வாசலிலேயே பெரிய சுவரொட்டி. 'வந்த பின் வருந்தாதே, வருமுன் வா' என்று எழுதி, கீழே உங்கள் பெயரும் பதவியும். இது உன் மாமாவாக்கும் என்று குட்டியிடம் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் ஜன்னலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு அம்மாள், குட்டியை எடைக் கருவியில் நிற்க வைத்து ஒரு அட்டவணையில் விரலை ஓட்டினார். அவள் உயரத்துக்குக் கோடு நாற்பத்திரண்டு கிலோ. குட்டி நாற்பத்தொன்று இருநூறு.

"எண்ணூறு கிராம் குறையுது சார். இன்னும் பருமன் வரலை. வந்ததும் கூட்டிட்டு வாங்க."

"இது வராம தடுக்கிற திட்டம்தானே மேடம்?"

"ஆமா சார். வந்தவங்களுக்கு மட்டும்."

அவர் கேலி செய்யவில்லை மச்சான். நீங்கள் எழுதியதைத்தான் படித்துச் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண் கெட்டதற்குச் சான்றிதழ் கொண்டு வா, அப்புறம்தான் சூரியனைக் காட்டுவேன் என்று கேட்கிற இலாகாவை இப்போதுதான் பார்க்கிறேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. எண்ணூறு கிராம் என்ன பெரிய விஷயமா என்று எனக்குத் தோன்றியது. புத்தி எங்கே போயிற்று என்று உங்கள் தங்கை கேட்டாள்; அந்தக் கேள்வியைக் கல்யாணமானதிலிருந்து கேட்கிறாள் என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுவரை பூட்டி வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து விட்டேன். காலையில் கேக், பள்ளி விட்டு வந்ததும் ஐஸ்கிரீம், படுக்கும் முன் சாக்லேட் பால். குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று வரை வேண்டாம் வேண்டாம் என்று பிடுங்கிய கை இன்றைக்கு ஊட்டுகிறதே என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள், அவளோ கேக்கைத் தின்னக் கூலி கேட்டாள். அவளுக்குத் துணையாக நானும் ஒரு துண்டு, அவள் மீதம் வைத்ததை வீணாக்காமல் இன்னொரு துண்டு என்று சாப்பிட்டேன். இதற்கிடையில் என் கால்சட்டை இடுப்பையும் இரண்டு தடவை பிரித்துத் தைத்தது தனிக் கதை, அது இங்கே வேண்டாம்.

பன்னிரண்டாம் நாள் எடை நாற்பத்தொன்று எண்ணூறு. இன்னும் இருநூறுதானே, கண்ணாடி அம்மாள் கருணை காட்டுவார் என்று போனேன். அவர் அட்டவணையை எடுக்காமல் அளவுகோலை எடுத்தார். தின்ற தீனியில் பிள்ளை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். பிள்ளை வளர்ந்தால் கோடும் வளருமாம். இப்போது கோடு நாற்பத்திரண்டு அறுநூறு. அதாவது மச்சான், பன்னிரண்டு நாள் பாடுபட்டு அதே எண்ணூறு கிராமில் வந்து நிற்கிறேன். மேலதிகாரியைப் பார்க்கிறேன் என்று நாலாம் மாடி ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பருமனுக்கு மனு கொடுக்க வருகிறவர்களை நடக்க வைப்பதுதான் இந்தத் திட்டத்தில் எனக்குத் தெரிந்து நடக்கிற ஒரே தடுப்பு. மேலதிகாரி நாற்காலி போட்டு உட்கார வைத்து அன்பாகப் பேசினார். கவலைப்படாதீர்கள், இப்படியே விட்டுப் பிள்ளை பெரியவளாகி, சர்க்கரை வந்து, இரைப்பையை வெட்டிச் சுருக்குகிற நிலைமை வந்தால் அந்த அறுவை சிகிச்சைக்கு முழுக் காப்பீடு உண்டு, ஒரு கேள்வி கேட்க மாட்டோம் என்றார். கத்திக்குக் கோடு கிடையாதாம், தண்ணீருக்குத்தான் கோடாம்.

படி இறங்கும்போது குட்டி இரண்டாம் மாடியில் நின்றுவிட்டாள்.

"அப்பா, ஸ்கூல்ல குண்டுன்னு சிரிக்கிறாங்க. இங்க குண்டு பத்தலைன்னு அனுப்புறாங்க. நான் எங்கதான் சரியா இருப்பேன்?"

தையற்காரனுக்குத் தெரிந்தது தையல்தான் மச்சான். ஜன்னல் திரை காற்றில் பறக்காமல் இருக்க அடிமடிப்பில் ஈயக் கட்டிகள் வைத்துத் தைப்போம். வீட்டுக்கு வந்து குட்டியின் பாவாடையைப் பிரித்து, மடிப்புக்கு மடிப்பு ஈயம் வைத்து, சரியாக ஒரு கிலோவுக்கு வெளியே தெரியாமல் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான தையல் போட்டதில்லை. கடைசி நாளன்று குட்டி எடைக் கருவியில் ஏறினாள். நாற்பத்திரண்டு எண்ணூறு. கண்ணாடி அம்மாள் முகம் மலர்ந்து, பரவாயில்லையே, பருமன் வந்துவிட்டதே என்று எங்களை வாழ்த்தி அட்டை போட்டுக் கொடுத்தார். பொய் சொல்லித்தான் வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குளத்தில் முதல் நாளே எடை பார்ப்பார்கள், அதுவும் நீச்சல் உடையோடு பார்ப்பார்கள் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. நாற்பத்தொன்று எண்ணூறு. மூன்றே நாளில் ஒரு கிலோ இறங்கியிருக்கிறது, அதுவும் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்பே. பயிற்சியாளர் அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டார். நாலாம் நாள் உங்கள் கையெழுத்தோடு கடிதம் வந்தது: திட்டத்தின் மிக விரைவான வெற்றி உங்கள் மகள், முழுமையாகக் குணமடைந்துவிட்டதால் அட்டை ரத்து செய்யப்படுகிறது, அடுத்த சுவரொட்டிக்கு ஒரு புகைப்படம் அனுப்பி வைக்கவும். கடிதத்தில் இருப்பது யார் பெயர் என்றுகூடப் பார்க்காமலா மச்சான் கையெழுத்துப் போடுகிறீர்கள்? குட்டி அந்த நீல உடையை மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

நான் அதிகம் படிக்காதவன். ஆனால் தொழிலில் ஒன்று தெரியும். கிழிவதற்கு முன்னால் நாலு விரல் விட்டுத் தைப்பதற்குப் பெயர் தையல், கிழிந்த பிறகு செய்வதற்குப் பெயர் ஒட்டு. உங்கள் சட்டத்தில் நாலு விரல் கேட்கவில்லை, அரை விரல் விட்டால் போதும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைகளையும் தண்ணீரில் இறங்க விடுங்கள். அவர்களுக்காகத்தானே சுவரொட்டியே ஒட்டினீர்கள். அந்தக் கோட்டை எண்ணூறு கிராம் இறக்கிப் போடுங்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

அக்காவுக்கு என் வணக்கம். குட்டி, மாமாவுக்கு எதுவும் சொல்லச் சொல்லவில்லை. உங்கள் தங்கை சொல்லச் சொன்னதை எழுதினால் தபால்காரர் கோபித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் இளைய மச்சான், தையற்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதிய அத்தனையும் வாபஸ். போன மாதம் இதைத் தபாலில் போடும் முன், அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் குளத்துக்குப் போனேன். உணவு ஆலோசகர் அட்டையை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, எடைக் கருவியில் ஏறச் சொன்னார். பெரியவர்களுக்கான கோட்டை நான் ஆறு கிலோ தாண்டியிருக்கிறேனாம். உடனே அட்டை கொடுத்துவிட்டார்கள். தனியாக வரக் கூச்சப்படுகிறவர் வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டி வரலாமாம், துணைக்கு வருகிறவரும் நீந்தலாமாம், அவரை எடை பார்ப்பதில்லையாம். நீங்கள் எழுதிய விதிதான், வாழ்க. நான் கோட்டுக்குக் கீழே இளைத்தால் அட்டை ரத்து, துணையும் ரத்து. ஆகவே கோட்டை இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம், தயவுசெய்து கையையே வைக்காதீர்கள். நேற்று குட்டி முதல்முறையாக அக்கரையைத் தொட்டுவிட்டு, நீங்களும் இறங்குங்கப்பா என்று கூப்பிட்டாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நீந்தினால் இளைத்துவிடுவேனே மச்சான். காலை மட்டும் நனைத்துக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன்.